ராமநாதபுரம் கடற்கரையில் கருத்தடை: இலவசமாக இருந்தும் ஏழைகளுக்கு எட்டாதது ஏன்?

கேட்கப்பட்ட கேள்வி இது: ஆணுறை முதல் அறுவை சிகிச்சை வரை எல்லாமே அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும்போது, ராமநாதபுரம் கடற்கரையில் வாழும் ஏழைக் குடும்பங்களுக்குக் கருத்தடை எட்டவில்லை என்று சொல்வது சரிதானா? சரி என்றால் அதை எட்டச் செய்ய என்ன வழி? கேட்டவர் கூடவே, ‘பிள்ளைகளை அதிகம் பெறுவதால்தானே அவர்கள் ஏழைகளாக இருக்கிறார்கள்?’ என்றும் சேர்த்திருக்கிறார். இந்தக் கரையில் தாய்சேய் நலப் பணியில் நெடுங்காலம் இருந்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கடைசியாகச் சேர்த்த கருத்தை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதை நம்பித் தொடங்கினால் பிறகு சொல்வதெல்லாம் கோணலாகிவிடும். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். மக்கள்தொகை கூடாமலும் குறையாமலும் நிற்பதற்குத் தேவையான 2.1ஐவிட இது குறைவு. தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை எந்தக் கடலோர ஊருக்குப் போய்ப் பார்த்தாலும் இளம் தம்பதிகள் பெரும்பாலும் இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டிருப்பதைக் காணலாம். அவர்களது வறுமைக்குக் காரணம் டீசல் விலை, வலைக்கடன், வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுத் திரும்பி வராத படகு, மழை பொய்த்த கண்மாய் ஆகியவைதாம். ஆகவே ஏழைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காகக் கருத்தடை வேண்டும் என்ற எண்ணத்தை நாம் முதலிலேயே கைவிட்டுவிட வேண்டும். எப்போது கருத்தரிப்பது, எத்தனை ஆண்டு இடைவெளி விடுவது, எந்த முறையைக் கைக்கொள்வது என்பவற்றை வசதியுள்ள வீட்டுப் பெண் எப்படித் தானே முடிவு செய்கிறாளோ, அப்படி முடிவு செய்யும் வாய்ப்பு கடலில் பாசி எடுக்கப் போகும் பெண்ணுக்கும் இருக்க வேண்டும் என்பதே இங்கு பேசத்தக்க விஷயம்.

அந்த வாய்ப்பு இருக்கிறதா என்று பார்த்தால், ஒரே ஒரு வாசல் மட்டும் அகலமாகத் திறந்திருக்கிறது. தமிழ்நாட்டில் திருமணமான, மகப்பேற்று வயதிலுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். அதே ஆய்வின்படி இந்தியா முழுவதற்குமான அளவு 37.9 சதவீதம். இந்தியாவில் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆண்களின் பங்கோ 0.3 சதவீதம்தான். இரண்டாவது பிரசவத்துக்காக அரசு மருத்துவமனைக்கு வரும் பெண், வீட்டுக்குத் திரும்புவதற்கு முன்பே ஆபரேஷனையும் முடித்துக்கொண்டு போவது இங்கு ஊரறிந்த வழக்கமாகிவிட்டது. இதை நான் குறைகூறவில்லை. தேர்ந்த மருத்துவர்கள், சுத்தமான அறுவை அரங்கு, தாய் இறப்பைக் குறைத்ததில் நல்ல பெயர் ஆகியவற்றோடுதான் இந்த வழக்கம் வேரூன்றியது. இனிப் பிள்ளை வேண்டாம் என்று உறுதியாக இருக்கும் பெண்ணுக்கு இது நல்ல வழி.

ஆனால் அந்த வாசலுக்கு முன்னால் நீண்ட வெற்றிடம் ஒன்று இருக்கிறது. இருபது வயதுக்குள் திருமணமாகிவிடும் பெண்ணுக்கு முதல் குழந்தையைத் தள்ளிப்போட யாரும் வழி சொல்வதில்லை; ‘விசேஷம் ஒன்றும் இல்லையா’ என்று கேட்பவர்கள்தாம் நிறைய. முதல் குழந்தை பிறந்த பிறகு அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாதங்களாவது இடைவெளி விடுவது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த 24 மாதங்களை எதைக் கொண்டு கடப்பது என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில் ‘பார்த்துக்கிறது’ என்பதுதான். தாய்ப்பால் கொடுக்கும்வரை கரு தங்காது என்ற நம்பிக்கையும் வலுவாக இருக்கிறது. அதில் உண்மை உண்டு, ஆனால் மூன்று நிபந்தனைகளோடு: குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது, தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்ப வந்திருக்கக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் பாதுகாப்பு போய்விடும். காலையில் கடலுக்கோ உப்பளத்துக்கோ போகும் தாயின் குழந்தைக்குப் பாட்டி நான்காம் மாதமே பசும்பாலோ கஞ்சித்தெளிவோ கொடுத்துவிடுவாள். ஆகவே இந்த முறை நம்பியவர்களைக் கைவிடுவதும் பெரும்பாலும் வேலைக்குப் போகும் ஏழை வீடுகளில்தான்.

இடைவெளி விடுவதற்கு அரசு தரும் முறைகள் குறைவானவை அல்ல. தினமும் சாப்பிடும் மாலா-என் மாத்திரை, வாரக் கணக்கில் சாப்பிடும் சாயா மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தாரா ஊசி, கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி, ஆணுறை எல்லாம் அரசின் பட்டியலில் உண்டு. சிக்கல் இவை இந்தக் கரையின் வாழ்க்கையோடு எப்படிப் பொருந்துகின்றன என்பதை யாரும் உட்கார்ந்து யோசிக்காததில்தான் இருக்கிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன்.

பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள ஆழமில்லாத கடலில் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். விரல்களைப் பாறை கிழிக்காமல் இருக்கத் துணி சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் தண்ணீரிலேயே கிடக்கும் வேலை அது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில், நீர்வற்றுப் பார்த்துத்தான் போக முடியும். மாதத்தில் வேலை கிடைக்கும் நாட்களே குறைவு. அவர்களில் ஒரு பெண்ணுக்கு அந்தாரா ஊசியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: “நர்சக்கா, ஊசி போட்டா தீட்டு எப்ப வரும்னே தெரியாதாம்ல. பாசிக்குப் போற நாள்ல வந்துருச்சுன்னா நான் என்ன செய்ய?” கையேட்டில் ‘மாதவிலக்கில் ஒழுங்கின்மை ஏற்படலாம், அச்சப்பட வேண்டாம்’ என்று ஒரே வரியில் எழுதியிருப்பது அவளுக்குக் கூலி சம்பந்தப்பட்ட கேள்வி. முதல் சில மாதங்கள் ஒழுங்கில்லாமல் உதிரம் படலாம் என்பதையும், ஊசியைத் தொடர்ந்து போடும் பலருக்கு ஓராண்டு அளவில் மாதவிலக்கு அறவே நின்றுவிடும், அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். நிறுத்திய பிறகு கரு தங்க ஏழு முதல் பத்து மாதம் வரை பிடிக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சாயாவைத் தேர்ந்தாள்.

சாயா லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டறியப்பட்டது. அதில் ஹார்மோன் கிடையாது, தாய்ப்பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. மாதவிலக்கின் முதல் நாள் வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளியும் திங்களும் மாத்திரை நாட்கள், மூன்று மாதத்துக்குப் பிறகு வெள்ளி மட்டும். மாதவிலக்கு சற்றுத் தள்ளி வரலாம், உதிரப்போக்கும் குறையலாம். பாசி எடுக்கும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இருக்குமா என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் இதன் பெயரே தெரியாத பெண்கள் இந்தக் கரையில் ஏராளம். மாலா-என் பட்டையில் 21 ஹார்மோன் மாத்திரைகளும் 7 இரும்புச்சத்து மாத்திரைகளும் இருக்கும். தினமும் மறக்காமல் சாப்பிட வேண்டும். பிறந்து ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு அது ஏற்றதல்ல.

காப்பர் டியைப் பற்றி இங்கு நிலவும் பயம் தனி ரகம். முங்கி எழும்போது அது மேலே ஏறி நெஞ்சுக்கு வந்துவிடும் என்று உறுதியாக நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கருப்பைக்குள் வைக்கப்படும் அந்தச் சிறு கருவிக்கு நெஞ்சுக்குப் போக வழியே இல்லை. நீந்துவதாலோ முங்குவதாலோ சுமை தூக்குவதாலோ அது நகர்வதில்லை. உண்மையான சங்கடம் வேறு: முதல் சில மாதங்கள் உதிரப்போக்கும் வலியும் கூடலாம். ஏற்கெனவே இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு இது முக்கியமான விஷயம் என்பதால், ஹீமோகுளோபின் அளவைப் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரையும் கையில் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். காப்பர் டி 380ஏ பத்து ஆண்டுகள் வரை வேலை செய்யும், வேண்டும்போது எடுத்துவிடலாம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளும் அதை வைக்கலாம் என்பது ஏழைப் பெண்களுக்கு ஒரு வசதி, ஏனென்றால் இன்னொரு முறை கூலியை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. ஆனால் அப்படி வைப்பது தானாக வெளியே வந்துவிடும் வாய்ப்பு கூடுதல் என்பதால், ஆறாவது வாரம் ஒருமுறை பரிசோதித்துப் பார்க்க வேண்டும். பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருப்பவளிடம் தலையாட்டலை வாங்கிக்கொண்டு வைத்துவிடுவது சம்மதம் ஆகாது. இதை மாதப் பரிசோதனைக்கு வரும்போதே பேசி முடித்திருக்க வேண்டும். பின்னாளில் ‘எனக்குத் தெரியாமலே லூப்பு வச்சு விட்டுட்டாங்க’ என்று ஒரு பெண் சொன்னால், அந்தத் தெருவில் பத்துப் பேர் பிரசவத்துக்கு வரும்போதே பயத்தோடு வருவார்கள்.

அடுத்தது நேரம். ஆரம்ப சுகாதார நிலையம் கிழமைக் கணக்கில் இயங்குகிறது: செவ்வாய் கர்ப்பிணிகள், புதன் தடுப்பூசி என்று. கடலோ பிறைக் கணக்கில் இயங்குகிறது. நீர்வற்று நல்லபடியாக அமைந்த நாளில் பாசிக்குப் போகாமல் ஊசிக்குப் போ என்றால் யார் போவார்கள்? உப்பளத்திலும், கருவேலமரம் வெட்டிக் கரிமூட்டம் போடும் இடங்களிலும் வேலை பார்க்கும் பெண்களுக்கும் இதே நிலைதான். விடிவதற்கு முன் கிளம்பினால் வெயில் ஏறிய பிறகுதான் திரும்புவார்கள். அவர்கள் வரும்போது மருத்துவர் கிளம்பியிருப்பார். மருந்து இலவசம்தான், ஆனால் அதை வாங்கப் போகும் நாளின் கூலி, பேருந்துக் கட்டணம், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் எல்லாம் சேர்ந்தால் அதற்கும் ஒரு விலை வந்துவிடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த விலையைக் கொடுக்க முடியாதவர்கள்தாம் ஊசியை இரண்டாம் தவணையோடு விட்டுவிடுகிறார்கள். பிறகு அவர்களைத்தான் ‘தொடர் சிகிச்சைக்கு வராதவர்’ என்று பதிவேட்டில் எழுதுகிறோம்.

பொதுவாகச் சொல்லப்படாத ஒரு தகவல்: அந்தாரா தவணைத் தேதி தாண்டி நான்கு வாரம் வரை அடுத்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். கரிமூட்ட வேலைக்காகக் கமுதிப் பக்கமோ வெளி மாவட்டத்துக்கோ போகிறவர்கள், கையிலுள்ள அட்டையைக் காட்டி வேறு அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம். தேதி தவறிவிட்டது, இனிப் போனால் திட்டுவார்கள் என்று அஞ்சியே நிறுத்திவிட்டவர்கள் பலர்.

தனிமையும் நேரத்தைப் போலவே கிடைக்காத பொருள். கிராம சுகாதாரச் செவிலியரை ஊரே அறியும். துணை சுகாதார நிலையத்துக்கு ஒரு பெண் தனியாகப் போனால் எதற்குப் போனாள் என்று மாலைக்குள் தெரிந்துவிடும். ஆணுறைக்கு என்று சுவரில் மாட்டியிருக்கும் பெட்டி பல இடங்களில் சரியாக மருந்து வாங்கும் வரிசைக்கு முன்னால் இருக்கிறது. அதிலிருந்து எடுக்கும் தைரியம் மீன்பிடித் துறைமுகத்தில் எவருக்கும் பயப்படாத ஆணுக்குக்கூட வருவதில்லை. அதைக் கழிவறைப் பக்கச் சுவருக்கோ, படகுத் துறையிலுள்ள டீக்கடையின் பின்புறத்துக்கோ, மீன் ஏலக்கூடத்துக்கோ மாற்றிவைப்பதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

ஆண்களைப் பற்றிப் பேச வந்துவிட்டதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். தழும்பில்லாத ஆண் கருத்தடை சிகிச்சை, பெண்ணுக்குச் செய்யும் அறுவையைவிட எளிது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, தையல் இல்லை, சில நிமிடங்களில் முடிந்து அன்றே வீட்டுக்குப் போகலாம். ஓரிரு நாள் ஓய்வும், ஒரு வாரம் பாரம் தூக்காமல் இருப்பதும் போதும். ஆண்மை குறையாது, உடலுறவில் மாற்றம் இராது. விந்தணுக்கள் முழுவதும் வெளியேற மூன்று மாதம் ஆகும் என்பதால் அதுவரை வேறு முறையைப் பயன்படுத்தி, பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். அரசு தரும் இழப்பீட்டுத் தொகையும் பெண்ணுக்குத் தருவதைவிட ஆணுக்குக் கூடுதல். இவ்வளவு இருந்தும் யாரும் வருவதில்லை. 1975-77 நெருக்கடி நிலைக் காலத்தில் வடமாநிலங்களில் ஆண்களைப் பிடித்துக் கட்டாய அறுவை செய்த பழி ஒருபக்கம், ‘வலை இழுக்கத் தெம்பு இருக்காது’ என்ற பேச்சு மறுபக்கம்.

இதற்கென ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை நாடு முழுவதும் ஆண்களுக்கான கருத்தடை இருவாரம் நடத்துகிறார்கள். டெல்லியில் வகுத்த தேதி. இந்தக் கரையில் அது வடகிழக்குப் பருவமழைக் காலம்; புயல் சின்னம் விலகும் நாளெல்லாம் கடலுக்குப் போகத் துடித்துக்கொண்டிருக்கும் மீனவரிடம் ஒரு வாரம் பாரம் தூக்காதே என்று சொன்னால் அவர் சிரித்துவிட்டுப் போவார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ராமேசுவரம், மண்டபம், பாம்பன் துறைமுகங்களில் ஆண்கள் கரையில் இருந்து வலை பின்னி, படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருக்கும் காலம் அதுதான். சிகிச்சையைத் தடைக்காலத் தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டால் ஓய்வுக்கு நாள் உண்டு, கூலி இழப்பு இல்லை, காத்திருக்க வேண்டிய மூன்று மாதத்தில் முதல் இரண்டு மாதங்களும் கரையிலேயே கழிந்துவிடும். மாவட்ட நிர்வாகம் விரும்பினால் இந்தத் தேதி மாற்றத்தை அடுத்த ஆண்டே செய்துவிடலாம். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடைக்காலம் பொருந்தாது. அவர்களுக்குக் காற்று அதிகமாகிக் கடல் சீறும் நாட்களைப் பார்த்துத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். தடைக்காலத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு: மற்ற மாதங்களில் வாரத்தில் சில இரவுகளே வீட்டில் தங்கும் கணவர் இரண்டு மாதம் தொடர்ந்து வீட்டில் இருக்கிறார். ஆகவே மாத்திரையும் ஆணுறையும் துணை சுகாதார நிலையத்தில் தீர்ந்துபோகவே கூடாத மாதங்கள் ஏப்ரல், மே, ஜூன்.

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கங்களில் நிலைமை சற்று வேறு. வளைகுடா நாடுகளில் கூலி வேலை பார்க்கும் கணவர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஓரிரு மாத விடுப்பில் வருவார். அவர் இல்லாத காலத்தில் மனைவிக்குக் கருத்தடை தேவையில்லை. மாத்திரையோ ஊசியோ கேட்டு அவள் போனால் ஊர் வாய் சும்மா இருக்காது. கணவர் வந்து இறங்கிய பிறகு மாத்திரையைத் தொடங்கலாம் என்றால், மாதவிலக்கின் முதல் ஐந்து நாட்களுக்குப் பிறகு தொடங்கும் மாலா-என் முழுப் பாதுகாப்புத் தர ஏழு நாள் ஆகும். விமானச் சீட்டு எடுத்த தேதி தெரிந்ததும், அதற்கு முந்தைய மாதவிலக்கிலேயே தொடங்கிவிட வேண்டும் என்ற இந்தச் சின்னக் கணக்கை அவளுக்கு யாராவது ஒருவர், ஒரு தடவை, தனியாகச் சொல்லிவிட்டால் போதும்.

இந்த ஊர்களைப் பற்றி ‘மதக் காரணத்தால் ஒத்துழைக்க மாட்டார்கள்’ என்று அலுவலகங்களில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நிரந்தரமாகக் கருவை நிறுத்துவதற்கு முஸ்லிம் குடும்பங்களில் தயக்கம் அதிகம் என்பது உண்மை. ஆனால் இடைவெளி விடுவதற்கு அதே தயக்கம் இல்லை. மனைவியின் சம்மதத்தோடு கருத்தரிப்பைத் தவிர்ப்பதை அனுமதித்த இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் பழங்காலத்திலேயே உண்டு. தங்கச்சிமடம் போன்ற ஊர்களின் கத்தோலிக்கக் குடும்பங்களிலும், திருச்சபையின் போதனை ஒருபுறம் இருக்க, பெண்கள் தங்கள் முடிவைத் தாங்களே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆபரேஷனை மட்டுமே நீட்டிவிட்டு, அதை மறுத்தவளைக் கருத்தடையையே மறுத்தவளாகப் பதிவு செய்வது நம் தரப்புப் பிழை.

அவசரக் கருத்தடை மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஆணுறை கிழிந்தாலோ, மாத்திரைகள் விட்டுப்போனாலோ, பலவந்தம் நேர்ந்தாலோ 72 மணி நேரத்துக்குள் 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் மாத்திரை ஒன்று போதும். எவ்வளவு சீக்கிரம் சாப்பிடுகிறோமோ அவ்வளவு பலன். அது கருமுட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடுகிறது. தங்கிய கருவைக் கலைப்பதில்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கச் சட்டம் அனுமதிக்கும் இந்த மாத்திரை தமிழ்நாட்டின் மருந்துக்கடைகளில் ஆண்டுக்கணக்காகப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. தடை ஆணை எதுவும் இல்லை, ஆனாலும் பெரும்பாலான கடைக்காரர்கள் வாங்கி வைப்பதில்லை. சென்னையில் உள்ளவர் பெங்களூருவிலிருந்து வரும் நண்பரிடம் சொல்லி வாங்கிக்கொள்வார். ஏர்வாடியிலோ முள்ளிமுனையிலோ உள்ள பெண்ணுக்கு அப்படியொரு நண்பர் இல்லை, அவளுக்கு 72 மணி நேரம் என்பது மிகக் குறைந்த அவகாசம். அரசு மருத்துவமனையில் இந்த மாத்திரையைக் கேட்டுப் பெற அவளுக்கு உரிமை உண்டு. ஐந்து நாளுக்குள் காப்பர் டி வைத்துக்கொண்டால் அது மாத்திரையைவிடவும் உறுதியான அவசரக் கருத்தடை. மற்ற முறைகளில் சேவையைச் சீர்செய்தால் போதும். இதில் மட்டும் மாநில அரசு வெளிப்படையாக ஓர் அறிவிப்பு கொடுத்துக் கடைகளின் தயக்கத்தைப் போக்க வேண்டும் என்பது என் கருத்து.

எல்லா முறையும் தவறிக் கரு தங்கிவிட்டால் சட்டத்தில் வழி இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்ட பிறகு, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தே போதும். கருத்தடை தவறியதைக் காரணமாகக் காட்டும் உரிமை திருமணமான பெண்ணுக்கு மட்டும் என்றிருந்த வரம்பும் நீங்கிவிட்டது. கணவரின் கையெழுத்து தேவையில்லை; வயதுவந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே வேண்டும். பெயரை இரகசியமாக வைத்திருப்பது மருத்துவமனையின் கடமை. இதெல்லாம் தெரியாததால்தான் கடையில் கிடைக்கும் மாத்திரையைத் தாமே வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, உதிரம் நிற்காமல் 108 வண்டியில் ராமநாதபுரத்துக்கு வந்து சேர்கிறார்கள்.

ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களுக்கும் இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூரில் நடந்த முகாமில், ஒரே நாளில் அவசர அவசரமாகப் பெண்களுக்கு அறுவை செய்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அந்தப் பின்னணியில், தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தச் சொன்னதோடு, விளைவுகளை விளங்கவைத்து, யோசிக்க அவகாசம் தந்து சம்மதம் பெற வேண்டும் என்றும் வலியுறுத்தியது. பெண்ணின் ஆபரேஷனுக்குக் கணவரின் ஒப்புதல் சட்டப்படி அவசியமில்லை என்பதும் இதோடு சேர்ந்தது. மற்றொன்று, அறுவை தவறிக் கரு தங்கினால் அரசின் இழப்பீட்டுத் திட்டத்தில் தொகை கோரலாம், ஆனால் தெரியவந்த 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு ஆபரேஷன் செய்த சான்றிதழ் வேண்டும். ஓலைக்கொட்டகையில் மழையில் நனைந்துபோன சான்றிதழ்கள் எத்தனையோ. கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி என்ன செய்யலாம் என்ற பகுதி. வடமாநிலங்களில் ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகக் கருத்தடைப் பொருள்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆஷாக்கள் பெரும்பாலும் மலைப் பகுதிகளில்தான் உண்டு. கடற்கரையில் எல்லாச் சுமையும் கிராம சுகாதாரச் செவிலியர் தலையில். தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, கணினிப் பதிவேற்றம், டெங்கு வந்தால் டெங்கு என்று ஓடும் அவருக்கு ஒரு பெண்ணோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேச எங்கே நேரம்? ஆனால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை ஏற்கெனவே வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறார்கள். அதே பையில் சாயாவும் மாலா-என்னும் ஆணுறையும் இருந்தால், வாசலுக்கு வந்தவர் மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்க வந்தாரா மருமகளுக்கு எதையாவது கொடுக்க வந்தாரா என்று யாரும் கேட்கப் போவதில்லை. தொடங்கும்போது மட்டும் செவிலியரோ மருத்துவரோ பரிசோதித்திருந்தால் போதும். தொடர்ந்து கொடுப்பதைத் தன்னார்வலர் செய்யலாம். உள்ளூர்ப் பெண்தானே, ஊருக்குள் சொல்லிவிட மாட்டாரா என்ற அச்சம் நியாயமானது. அதனால் பயிற்சியில் பாதி நேரத்தை இரகசியம் காப்பதற்கே ஒதுக்க வேண்டும், மீறினால் பணியிலிருந்து நீக்கம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும்.

துணை சுகாதார நிலையத்தை மாதத்தில் இரண்டு மாலைகள், பாசிக்கும் உப்பளத்துக்கும் போகாத நாளாகப் பார்த்து, நான்கு மணி முதல் ஏழு மணி வரை திறந்துவைப்பது அடுத்தது. எந்த நாள் என்பதைச் செவிலியர் தனியாக முடிவு செய்ய வேண்டியதில்லை. மகளிர் குழுத் தலைவியைக் கேட்டால் அடுத்த மூன்று மாதத்துக்குப் பிறையைக் கணக்கிட்டுச் சொல்லிவிடுவார். எந்தப் பொருள் இருப்பில் இருக்கிறது, எது தீர்ந்துவிட்டது என்பதை வாசலில் எழுதிப் போடுவதும் அவசியம். பேருந்தேறி வந்து ‘சாயா வரலை, அடுத்த வாரம் வா’ என்று கேட்டுத் திரும்பிய பெண் மறுபடி வருவது அரிது.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சென்னையிலிருந்து உத்தரவு வரக் காத்திருக்க வேண்டியதில்லை. ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது, அதில் மே 1ஆம் தேதிக் கூட்டம் மீன்பிடித் தடைக்காலத்துக்குள் வருகிறது, ஆண்களும் ஊரில் இருப்பார்கள். துணை சுகாதார நிலையத்தின் மாலை நேரம், தன்னார்வலர் பையில் சேர்க்க வேண்டிய பொருள்கள், ஆண்களுக்கான சிகிச்சையை அடுத்த ஆண்டிலிருந்து ஏப்ரல் கடைசிக்கு மாற்றுவது ஆகிய மூன்றையும் தீர்மானமாக எழுதி, வட்டார மருத்துவ அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு நகல் அனுப்பலாம். தீர்மானத்தை முன்மொழிபவர் பாசி எடுக்கும் குழுவிலிருந்து ஒரு பெண்ணாக இருந்தால், மேடையில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் படிக்காமல் ஒதுக்கிவைப்பது கடினம்.